டேட்டாசெட்டும் ஒரு பேனாக் கோடும்

ஜனவரி 4

பல வருடங்களாகப் பெட்டியில் கிடந்த கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியை இன்று வெளியே எடுத்தேன். பழைய பவர் சப்ளையை மாட்டவில்லை. அது கெட்டுப்போனால் 5 வோல்ட் எகிறி சிப்புகளைச் சாகடித்துவிடும். புதிதாக ஒன்றை வாங்கி வைத்திருந்தேன், அதைத்தான் போட்டேன். நீலத் திரை வந்தது, 38911 பைட் காலி என்று காட்டியது. கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை.

நிரல்களை டேப்பில் பதிந்து படிக்கும் அதன் கேசட் ஓட்டி, 1530 டேட்டாசெட், அப்படி இல்லை. பிளே அழுத்தினால் மோட்டார் சுற்றும் சத்தம் மட்டும் கேட்கிறது, கேசட் அசையவே இல்லை. அதே பெட்டியில் அக்காவின் கையெழுத்தோடு ஒரு டேப் இருக்கிறது: ‘வாய்ப்பாடு, கடைசி’. பள்ளிக்கூட நாட்களில் அவள் எனக்காக எழுதிய நிரல். வேறு எங்கும் அதற்குப் பிரதி கிடையாது. இந்த ஓட்டியைச் சரிசெய்ய நினைப்பதே அதற்காகத்தான்.

ஜனவரி 5

அடியிலுள்ள திருகுகளைக் கழற்றி மெதுவாகப் பிரித்தேன். உள்ளே ஓடும் வயர்கள் மெல்லியவை, அவசரப்பட்டால் ஒன்றாவது அறுந்துவிடும்.

பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் தார்தான் இருந்தது. மோட்டாரின் சிறிய கப்பியில் பாதி, ஃப்ளைவீலின் விளிம்பில் பாதி. பஞ்சுக் குச்சியால் தொட்டால் நூல் நூலாக இழுபடுகிறது. விரலில் பட்டது மேசையில் ஒட்டியது, மேசையிலிருந்து திருப்புளியின் கைப்பிடிக்குப் போனது. முதலில் மரக்குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு, அப்புறம் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் துடைப்பதே நல்லது. நேராக ஆல்கஹாலை விட்டால் தார் கரைந்து எல்லா இடத்துக்கும் பரவும். கப்பியின் பள்ளத்துக்குள் மட்டும் ஏழெட்டு முறை துடைத்தேன். குச்சி வெள்ளையாக வெளியே வரும்வரை விடவில்லை. அங்கே துளி பிசின் மிஞ்சினாலும் புதுப் பெல்ட் சுற்றுக்கு ஒருமுறை துள்ளும், டேப்பின் வேகமும் அதோடு சேர்ந்து ஆடும்.

காற்றிலுள்ள ஈரமே இப்படிப்பட்ட பெல்ட்டுகளை மெல்ல மெல்ல உடைத்துக் கூழாக்குகிறது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இது நடக்கும்.

பெல்ட் ஓடும் பாதையில் நூலைச் சுற்றி அளந்து, அதில் ஐந்து சதவீதம் போலக் குறைத்து ஆர்டர் போட்டேன். டேப் எவ்வளவு ஓடியது என்று காட்டும் எண்காட்டிக்குப் போகும் சின்னப் பெல்ட்டுக்கும் அப்படியே.

ஜனவரி 11

பெல்ட்டுகள் வந்தன, மாட்டியாயிற்று. டேப்பைப் படிக்கும் ஹெட், டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டு, அதோடு டேப்பை அழுத்தும் ரப்பர் உருளை மூன்றையும் துடைத்தேன். உருளையிலிருந்து பழுப்பு நிறமாக எவ்வளவோ வந்தது.

கணினியில் செருகும் முனையையும் சுத்தம் செய்தேன். ஆறு தொடர்புகள்: தரை, 5 வோல்ட், மோட்டார், படிப்பது, எழுதுவது, பட்டன் அழுத்தப்பட்டதா என்ற சைகை. மோட்டார், எழுதும் தடம், பட்டன் சைகை இந்த மூன்றும் 6510 செயலியின் சொந்த போர்ட்டுக்கே போகின்றன. அதனால் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் செருகவும் கூடாது, உருவவும் கூடாது. தலைகீழாகச் செருகுவது அதைவிட ஆபத்து.

அக்காவின் டேப்பை முதலில் போட மனம் வரவில்லை. ஓட்டி அதை மென்றுவிட்டால் என்ன செய்வது? கடையில் விற்ற விளையாட்டு டேப் ஒன்றைப் போட்டேன். டேப் சீராக ஓடியது. டேப்பைப் படிக்கும்போது ஆவதுபோல் திரை முழுவதும் வெளிர்நீலமானது. ஆனால் எவ்வளவு நேரம் போனாலும் எந்தப் பெயரையும் அது கண்டுபிடிக்கவில்லை.

ஜனவரி 12

இன்று முழுவதும் ஹெட்டின் கோணத்தோடு போராட்டம். எந்தக் கோணத்தில் பதிந்ததோ அதே கோணத்தில் ஹெட் நின்றால்தான் டேப்பைச் சரியாகப் படிக்கும். ஹெட்டின் இரு பக்கமும் திருகு உண்டு. ஒன்று அசையாமல் பிடிப்பது. அடியில் ஸ்பிரிங் இருக்கும் மற்றொன்றுதான் கோணத்தை மாற்றுவது. தொடுவதற்கு முன் அதன் தலையிலும் பக்கத்துத் தகட்டிலும் மெல்லிய பேனாவால் ஒரே கோடு போட்டுக்கொண்டேன். காந்தம் ஏறாத திருப்புளியாகப் பார்த்து எடுத்தேன்.

கமடோரின் வழக்கமான பதிவில் மூன்று வகைத் துடிப்புகள்தான்: சுமார் 352, 512, 672 மைக்ரோவினாடி. எது எதற்குப் பின்னால் வருகிறது என்பதை வைத்தே 0 எது, 1 எது என்று கணினி பிரிக்கிறது. இந்தத் துடிப்புகளின் நீளத்தைத் திரையில் புள்ளிகளாகக் காட்டும் சிறு நிரல் ஒன்றைக் கார்ட்ரிஜ் வழியாக ஓட்டினேன். முதலில் புள்ளிகள் தூவிவிட்ட மணல் மாதிரி சிதறிக் கிடந்தன. திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப அவை திரண்டு, அரைச்சுற்றை நெருங்கும்போது மெல்லிய பட்டைகளாக நின்றன. விளையாட்டு ஏறிவிட்டது! இன்னும் மூன்று விளையாட்டு டேப்புகளைப் போட்டேன், மூன்றும் ஏறின.

அந்தத் தைரியத்தில் அக்காவின் டேப்பைப் போட்டேன். பெயர்கூட வரவில்லை. கமடோர் ஒவ்வொரு நிரலையும் டேப்பில் இரண்டு முறை எழுதுகிறது. முதல் பிரதியில் சேதமானதை இரண்டாவதிலிருந்து சரிசெய்துகொள்ள முடியும். அப்படியிருந்தும் இப்படி. டேப் அழிந்தே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஜனவரி 14

அக்காவுக்கு போன் செய்தேன்.

“அந்த டேப்பை இன்னும் வச்சிருக்கியா?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஒருநாள் சிநேகிதி கொடுத்த டேப் ஏறவே இல்லை. ஹெட் பக்கத்துல ஒரு திருகு இருக்குமே, அதைத் திருப்பித் திருப்பித்தான் ஏத்தினேன். வாய்ப்பாடு அதுக்கப்புறம் எழுதினது” என்றாள்.

“அப்போ விளையாட்டு டேப் எல்லாம்?”

“அதுக்குப் பிறகு ஒண்ணும் ஓடலையே. மெஷின் கெட்டுப்போச்சுன்னு தானே பெட்டியில போட்டோம்.”

போனை வைத்ததும் பேனாக் கோட்டைத்தான் நினைத்தேன். முதலில் நான் பார்த்த ‘தவறான’ கோணம் அக்கா விட்டுப்போன கோணம். அவள் டேப்புக்கு அதுவே சரி. தரத்துக்கு ஏற்றபடி ஹெட்டைத் திருத்தி, அந்த ஒரு டேப்பைப் படிக்க முடியாமல் செய்தது நான்தான்.

ஜனவரி 18

டேப்பை ஒருமுறை கடைசிவரை முன்னோட்டி, முழுவதும் பின்னோட்டினேன். நாள்பட்ட டேப்பின் இறுக்கம் கொஞ்சம் தளரும். திருகைத் திருப்பி இரண்டு கோடுகளையும் ஒன்றாகச் சேர்த்தேன். திரையில் பட்டைகள் கிட்டத்தட்ட நேராக இருந்தன. மயிரிழை அளவு இன்னும் திருப்பியதும் ஓரத்தில் சிதறிய புள்ளிகளும் அடங்கிவிட்டன.

லோட் அடித்தேன். பிளே அழுத்தச் சொன்னது, அழுத்தினேன். வெளிர்நீலம். எண்காட்டி 009-ஐத் தாண்டியபோது திரை திரும்பி வந்து, கண்டுபிடித்த பெயராக ‘வாய்ப்பாடு’ என்பதை ஆங்கில எழுத்துகளில் காட்டியது. மறுபடி வெளிர்நீலம். அப்புறம் ரெடி.

ரன் கொடுப்பதற்கு முன்பே எட்டாம் எண் டிஸ்க் டிரைவில் ஒரு பிரதியைச் சேமித்தேன். அதன் பிறகுதான் நிரலின் வரிகளைப் பார்க்க லிஸ்ட் அடித்தேன். பத்தாவது வரியில் என் பெயர் இருந்தது. எழுபதாவது வரியில் ஏழாம் வாய்ப்பாட்டுக்கு மட்டும் மூன்று வாய்ப்புகள், மற்றவற்றுக்கு ஒன்றுதான். எனக்கு ஏழாம் வாய்ப்பாடு வரவே வராது.

படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். “எட்டேழு எவ்வளவு?” என்று பதில் வந்தது.