4096-வது பைட்டில் உடைந்த ‘கி’

ஒரு கோப்பில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிச் சொல்லும் சின்னக் கட்டளைவரி நிரல் ஒன்றை சி மொழியில் எழுதி வைத்திருக்கிறேன். குட்டிக் கோப்புகளில் கணக்கு பிசகியதே இல்லை. போன வாரம் ஒரு முழு நாவலைக் கொடுத்தேன். பட்டியலின் அடியில், எழுத்தாகப் படிக்க முடியாத பைட்டுக்கு வரும், கருப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி போட்ட அந்த உருவம் சில நூறு முறை வந்திருப்பதாகச் சொன்னது.

கோப்புதான் கெட்டிருக்கும் என்று முதலில் அதன்மேல் பழி போட்டேன். எடிட்டரில் திறந்தால் சுத்தமாக இருந்தது. சரி என்று கோப்பைப் பாதியாக வெட்டி, அதையும் பாதியாக வெட்டி ஓட்டிக்கொண்டே போனேன். நாலு கேபிக்குக் கீழே வந்ததும் பிழை காணாமல் போனது. கோப்பைத் துண்டு துண்டாக வாசிக்கும் ரீட் அழைப்புக்கு நான் கொடுத்திருந்த பஃபர், அதாவது வாசித்த துண்டை வைக்கும் தற்காலிக இடம், 4096 பைட். அப்போதே உறைத்திருக்க வேண்டும். நானோ பஃபரை 65536 ஆக்கினேன்; வைரங்கள் வெகுவாகக் குறைந்தன; மிச்சத்தைக் கண்டுகொள்ளாமல் தூங்கப் போய்விட்டேன்.

மறுநாள் பஃபரைப் பழையபடி 4096 ஆக்கி, ‘கி’ மட்டும் 1000 முறை, இடைவெளியே இல்லாமல் வரும் 6000 பைட் கோப்பைக் கொடுத்தேன். வந்த விடை: கி 999, க 1, கெட்ட பைட் 3.

எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ‘கி’ என்பது ‘க’, இகரக் குறி என்று இரண்டு குறியீடுகள்; ஆக 6 பைட். 4096-ஐ மூன்றால் வகுத்தால் 1 மிஞ்சும். இகரக் குறியின் பைட்டுகள் 224, 174, 191. இதில் 224 முதல் துண்டின் வாலில் மாட்டிக்கொள்ள, மற்ற இரண்டும் அடுத்த துண்டின் தலையில் அநாதையாக நின்றன.

பஃபரை 4098 ஆக்கினால் மூன்றால் வகுபடுமே என்று ஒரு குறுக்குப் புத்தி. சோதனைக் கோப்பு அப்படியே தேறிவிட்டது! ஆனால் இடைவெளி 1 பைட்தான். நடுவில் ஒன்று விழுந்தாலே எல்லாம் குலைந்துவிடும்.

ஒழுங்கான வழிக்கு வந்தேன். துண்டின் கடைசியில் அரைகுறைக் குறியீடு இருந்தால் அதை எண்ணாமல், பைட்டுகளை இடம் மாற்றும் மெம்மூவ் கொண்டு பஃபரின் தொடக்கத்துக்கு நகர்த்தி, அதன் பின்னாலிருந்து அடுத்த வாசிப்பு. இப்போது விடை: கி 999, க 1, தனியாக ஒரு இகரக் குறி. பைட் ஒட்டிக்கொண்டது, எழுத்து ஒட்டவில்லை. ‘க’ வந்தவுடன் எண்ணாமல், அடுத்த குறியீட்டைப் பார்க்கும் வரை கையில் வைத்திருக்க வேண்டும். துண்டு மாறினாலும் அது கையிலேயே இருக்க வேண்டும். அதையும் செய்தேன். 999 மட்டும் வந்தது. கோப்பு முடிந்தபோது கையிலிருந்த கடைசி ‘கி’யை எண்ண மறந்திருந்தேன். அப்புறம்தான் 1000.

கோப்புக்குப் பதில் வேறொரு நிரலின் வெளியீட்டை பைப் வழியாகக் கொடுத்து ஓட்டியபோது கேட்டதைவிடக் குறைவாகவே பைட்டுகள் வந்தன. அதற்கும் இதே நிரல் தாங்கியது. இப்போதெல்லாம் சோதிக்கும்போது பஃபரை வேண்டுமென்றே 7, 5 என்று வைக்கிறேன். 3 வைத்தபோது 4 பைட் ஸ்மைலி ஒன்று பஃபரை அடைத்துக்கொண்டது. வாசிக்க இடமில்லாமல் ரீட் பூஜ்யத்தைத் தர, கோப்பு முடிந்துவிட்டதென்று நிரல் பாதியிலேயே நின்றது. நாலுக்குக் கீழே பஃபர் கேட்டால் மறுக்கும்படி ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.