கடன் வாங்காதவருக்கு என்ன நிவாரணம்?

எங்கள் சந்தில் மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கும் அக்கா பதினெட்டு ஆண்டுகளாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் மெஷினில் தைப்பவர். தேதி, பீஸ், ரேட் என்று கோடு போட்டு அன்றன்றைய கணக்கை நாற்பது பக்க நோட்டில் எழுதி வைப்பார். 2025 செப்டம்பரில் அந்த எண்கள் குறையத் தொடங்குகின்றன. அக்டோபரில் இடையிடையே நாள்கள் விடுபடுகின்றன. தீபாவளிக்குப் பிறகு வரும் பக்கங்களில் கோடு மட்டுமே இருக்கிறது.

காரணம் ஊரறிந்ததுதான். பருத்தி டி-ஷர்ட்டுக்கு ஏற்கெனவே 16.5 சதவீத இறக்குமதி வரி விதித்து வந்த அமெரிக்கா, ஆகஸ்ட் 7-ல் 25 சதவீதமும் ஆகஸ்ட் 27-ல் மற்றொரு 25 சதவீதமும் இந்தியப் பொருள்கள் மீது கூடுதலாகச் சுமத்தியது. அரசு சும்மா இருந்துவிடவில்லை. பஞ்சு மீதான 11 சதவீத இறக்குமதி வரியை ஆண்டு இறுதி வரை நீக்கியது. ஏற்றுமதியாளர்களுக்கு 20,000 கோடி ரூபாய் வரை பிணையில்லாக் கடனுக்கு உத்தரவாதம் தர நவம்பரில் ஒப்புதல் அளித்தது. ரிசர்வ் வங்கி, செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான தவணைகளைத் தள்ளிப்போட வழிசெய்ததோடு, ஏற்றுமதிக் கடனுக்கான காலத்தையும் 270 நாளிலிருந்து 450 நாளாக நீட்டித்தது. இவை தேவையான உதவிகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. கம்பெனி மூடிவிட்டால் யாருக்குமே வேலை இல்லை. ஆனால் இவற்றில் பெரும்பகுதி வங்கிக் கணக்கின் வழியாகவே வருகிறது. கடன் வாங்கியவருக்கு அவகாசம் கிடைத்தது. கடனே வாங்காமல் உழைப்பை மட்டும் விற்றவர் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

வரி விதித்த அதே அமெரிக்காவில், வெளிநாட்டுப் போட்டியால் வேலை இழந்தவருக்கு உதவ 1962-லேயே, கென்னடி காலத்தில், சட்டம் வந்துவிட்டது. நிபந்தனைகள் கடுமையாக இருந்ததால் 1969 வரை ஒரு தொழிலாளிக்குக்கூட அது பயன்படவில்லை. 1974-ல் அதைத் தளர்த்தினார்கள். அதன்பின் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த மூன்று தொழிலாளர்கள் சேர்ந்து விண்ணப்பித்தாலே போதும், இறக்குமதியால்தான் வேலை போயிற்றா என்று தொழிலாளர் துறை விசாரிக்க வேண்டும். ஆம் என்றால், வேறு தொழில் கற்கும் செலவும், கற்கும் காலத்தில் வாரந்தோறும் உதவித்தொகையும், வேலைக்காக ஊர் மாறும் செலவில் பெரும்பங்கும் கிடைக்கும். ஐம்பது வயதைத் தாண்டியவர் குறைந்த சம்பளத்தில் புது வேலைக்குப் போனால், பழைய சம்பளத்துக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, அரசு ஈடுகட்டியது. நிறுவனங்களுக்கான உதவியோ வணிகத் துறை வழியாகத் தனியே நடந்தது. 2022 ஜூலையிலிருந்து தொழிலாளர்களின் புதிய விண்ணப்பங்களுக்கு அங்கே ஒப்புதல் தருவதில்லை. இருந்தும் அந்த மூன்று பேர் விண்ணப்பம் என்ற ஏற்பாடு என் மனத்தை விட்டு அகலவில்லை: முதலாளி கேட்க வேண்டும் என்று காத்திராமல், பாதிக்கப்பட்டவரே தன் பெயரில் கேட்கலாம்.

இங்கே அதற்கு ஓரளவு நெருங்கி வருவது, தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐயில் 2018-ல் தொடங்கிய வேலையிழப்பு உதவித்தொகை. சராசரி தினக்கூலியில் 25 சதவீதமாக இருந்ததைக் கொரோனா காலத்தில் 50 சதவீதமாக்கினார்கள். 90 நாள் வரை பெறலாம். ஆனால் குறிப்பிட்ட நாள்களுக்குப் பங்களிப்பு செலுத்தியிருக்க வேண்டும், பீஸ் ரேட்டில் கான்ட்ராக்டரிடம் தைப்பவர்கள் பலர் இங்கேதான் விடுபட்டுப் போகிறார்கள். அக்காவுக்கும், தன் பெயரில் கான்ட்ராக்டர் பணம் கட்டினாரா என்பதே தெரியவில்லை. திங்கட்கிழமை ஆதார் அட்டையோடு இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்குச் சென்று இருவரும் பார்க்கப் போகிறோம். அந்த நோட்டையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.