வேறு கிளினிக்கின் பெயரில் போன எஸ்எம்எஸ்

கிளினிக்குகளுக்கான அப்பாயின்ட்மென்ட் செயலி ஒன்றை லாராவெலில் (பிஹெச்பி மொழிக்கான ஃபிரேம்வொர்க்) எழுதியிருந்தேன். முந்தின நாள் மாலையே நோயாளிக்கு நினைவூட்டல் எஸ்எம்எஸ் போய்விடும். எஸ்எம்எஸ் சேவையை மாற்ற வேண்டி வந்தபோதுதான், அதை அனுப்பும் கிளாஸை எத்தனை இடத்தில் 'நியூ' போட்டு உருவாக்கியிருக்கிறேன் என்று தேடினேன். 23 இடங்கள். எல்லாவற்றிலும் ஏபிஐ கீ, டைம்அவுட், லாகர் என்று கையால் கொடுத்து வைத்திருந்தேன்.

சரி, இனி லாராவெலின் சர்வீஸ் கன்டெய்னர்தான், தேவையான ஆப்ஜெக்ட்டை அதுவே உருவாக்கித் தரட்டும் என்று உட்கார்ந்தேன். எண்ணையும் செய்தியையும் வாங்கி அனுப்பும் ஒரே மெத்தடோடு ஒரு இன்டர்ஃபேஸ், அதாவது உள்ளே கோடு இல்லாத வெறும் வரையறை. கன்ட்ரோலர்கள் கன்ஸ்ட்ரக்டரில் அதை மட்டும் கேட்டால் போதும். ஓடவிட்டதும் 'நாட் இன்ஸ்டான்ஷியபிள்' (இதிலிருந்து ஆப்ஜெக்ட் உருவாக்க முடியாது) என்று பிழை. நியாயம்தான். சாதாரண கிளாஸ் என்றால் கன்டெய்னர் ரிஃப்ளெக்ஷன் மூலம் கன்ஸ்ட்ரக்டரைப் படித்து, அது கேட்பதையெல்லாம் தானே உருவாக்கித் தந்துவிடும். இன்டர்ஃபேஸுக்கு எந்த கிளாஸ் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். சர்வீஸ் புரொவைடரின் ரெஜிஸ்டர் மெத்தடில் இந்த இன்டர்ஃபேஸுக்கு இந்த கிளாஸ் என்று ஒரு பைண்ட் வரி சேர்த்ததும் சரியானது. ஏபிஐ கீ வெறும் ஸ்ட்ரிங், அதையும் கன்டெய்னரால் ஊகிக்க முடியாது. பைண்டுக்குக் கொடுக்கும் குளோஷருக்குள் (பெயரில்லாத ஃபங்ஷன்) கான்ஃபிகிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அந்த இடத்தில் என்வ் கோப்பிலுள்ள அமைப்புகளைப் படிக்கும் 'என்வ்' ஃபங்ஷனை நேராகக் கூப்பிட்டுவிடாதீர்கள். கான்ஃபிகை கேஷ் செய்த சர்வரில் என்வ் கோப்பு படிக்கப்படாது, கீ காலியாக வரும்.

டெஸ்ட் எழுதுவது அதற்கப்புறம் எவ்வளவு சுலபமாகிவிட்டது! போலி கிளாஸ் ஒன்றை பைண்ட் செய்தால் போதும், நிஜ எஸ்எம்எஸ் ஒன்றுகூடப் போகாது.

அந்த உற்சாகத்தில், ஒவ்வொரு தடவையும் புதிய ஆப்ஜெக்ட் எதற்கு என்று பைண்டை சிங்கிள்டனாக (ஒரே ஆப்ஜெக்ட்டையே எல்லாருக்கும் தருவது) மாற்றினேன். சில நாளில் ஒரு கிளினிக்கிலிருந்து போன்: "எங்க பேஷன்ட்டுக்கு வேற கிளினிக் பேர்ல மெசேஜ் போயிருக்குங்க." வயிற்றைப் பிசைந்தது. நோயாளி தவறான இடத்துக்குப் போய் நின்றால் என்ன ஆவது?

என் கணினியில் எத்தனை தடவை ஓட்டினாலும் பிழை வரவில்லை. கடைசியில் சர்வரில், ஒவ்வொரு ஜாபிலும் (பின்னணியில் ஓடும் அனுப்பும் வேலை) அந்த ஆப்ஜெக்ட்டின் ஐடியை லாகில் எழுத வைத்தேன். அடுத்தடுத்த மூன்று ஜாபிலும் ஒரே எண். அங்கேதான் பிடிபட்டது. வழக்கமான பிஹெச்பி-யில் ரிக்வெஸ்ட் முடிந்ததும் கன்டெய்னரும் போய்விடும். ஜாப்களை ஓட்டும் கியூ வொர்க்கரோ நாள்கணக்கில் ஓடும், சிங்கிள்டனும் கூடவே உயிரோடு இருக்கும். கிளினிக் பெயரை அந்த ஆப்ஜெக்ட்டுக்குள்தான் வைத்திருந்தேன். ஒரு ஜாபில் பெயரை மாற்றும் வரி விட்டுப்போயிருந்தது. முந்தைய ஜாபின் பெயரே அதற்கும் போனது.

'ஸ்கோப்டு' என்று பதிந்தால் ஒவ்வொரு ஜாபுக்கும் புதிய ஆப்ஜெக்ட் கிடைக்கும். அதைச் செய்தேன். ஆனால் அது மட்டும் போதாது. பெயரை அமைக்க மறந்தால் பெயரே இல்லாமல் செய்தி போகும். ஆகவே கிளினிக்கை மெத்தடின் மூன்றாவது ஆர்க்யுமென்டாகவே ஆக்கினேன். இப்போது மறந்தால் பிஹெச்பி உடனே பிழை காட்டும். ஆப்ஜெக்ட்டுக்குள் எதுவும் தங்காது.

டிப்ளாய் செய்தும் பழைய பெயரே வந்தது. வொர்க்கர் பழைய கோடையே நினைவில் வைத்து ஓடிக்கொண்டிருந்தது. கியூ ரீஸ்டார்ட் கொடுத்த பிறகுதான் அன்றைய மாலைச் செய்திகள் சரியான பெயரோடு போயின.