இரண்டரை அடிப் பாதையில் ஒரு கோச்சி

முதியோர் இல்ல வேலை கிடைத்துத்தான் லீக் பட்டணத்துக்கு வந்தேன். லண்டனில் இருக்கும் நம்மவர்களிடம் பெயரைச் சொன்னால், "அது எங்கே கிடக்கு?" என்பார்கள். ஸ்டாஃபோர்ட்ஷயரில், மாடும் ஆடும் கல்மதிலும் மழையுமாய்க் கிடக்கும் மேட்டு நிலம். இலங்கை மலையகத்துக் கந்தப்பளையில் பிறந்தவளுக்குக் குளிரும் பனிமூட்டமும் புதிதா என்ன? மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும் டிசம்பரும், கறிவேப்பிலைக்கு ஸ்டோக் வரை பஸ் ஏறவேண்டிய கதியும்தான் பழக நாளெடுத்தன. முன்பின் தெரியாதவரையும் செல்லமாய் "டக்" என்று கூப்பிட்டுப் பேசும் சனத்தை மட்டும் வந்த உடனேயே பிடித்துவிட்டது.

இல்லத்தில் ஒரு பெரியவர் இருந்தார். மாட்டுப்பண்ணைக் குடும்பம். தேநீரைக் கொண்டுபோய் வைத்தால், "உங்க ஊர்த் தேயிலைதானே, டக்?" என்று கேட்டுவிட்டுத்தான் கோப்பையைத் தொடுவார். சிறுவயதில் தகப்பனோடு பால் கேன்களை ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்கிய கதையை ஒருநாள் எடுத்தார். கோச்சி, அதாவது ரயில், எவ்வளவு சின்னது என்று காட்ட, கம்பளியின் மேல் இரண்டு கைகளையும் அகட்டி வைத்தார். "தண்டவாள அகலம் இரண்டரை அடியா?" என்றேன். மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

எனக்குத் தெரியாமல் என்ன? நானுஓயாவில் பெரிய கோச்சியை விட்டு இறங்கி, நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்குப் போகும் சின்னக் கோச்சியில் ஏறிய கதையை அப்பாயி சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆறாயிரம் அடிக்கு மேலே, தேயிலைக்காகப் போட்ட அந்தப் பாதையும் இரண்டடி ஆறங்குலம்தான். 1903-04இல் திறந்தார்கள், 1940களில் மூடிவிட்டார்கள். பெரியவரின் லீக்-மனிபோல்ட் பாதை திறந்ததும் 1904இல்தான், ஜூன் 27ஆம் தேதி.

வாட்டர்ஹவுசஸிலிருந்து ஹல்ம் எண்ட் வரை எட்டேகால் மைல். போட்ட பொறியாளர் எவரார்ட் கால்த்ராப், அதற்கு முன் மகாராஷ்டிரத்தில் பார்சி என்ற ஊரின் ரயிலை அமைத்தவர். அதே இரண்டரை அடியையே இங்கேயும் கொண்டுவந்தார். லீட்ஸில் செய்த இரண்டே இரண்டு எஞ்சின்கள். பெரிய முகவிளக்கோடு அவற்றைப் படத்தில் பார்த்தால் இங்கிலாந்து வண்டி என்று சொல்லமாட்டீர்கள். (இதே மனிதர்தான் பின்னால் விமானிகளுக்குப் பாராசூட் செய்யப் போனார்.)

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய சுமைவண்டி. பெரிய கோச்சிப் பாதையில் வரும் சரக்குப் பெட்டியை வாட்டர்ஹவுசஸில் அப்படியே உருட்டி, தாழ்வான ஒரு வண்டியின் முதுகில் ஏற்றிவிடுவார்கள். சரக்கை இறக்கி ஏற்றும் வேலையே இல்லை. நானுஓயாவில் அப்படி ஒன்று இருந்திருந்தால் எத்தனை பேரின் முதுகு தப்பியிருக்கும்!

இவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருந்தும் ஆள் ஏறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரிண்டன் ஸ்டேஷன் இருந்த இடத்திலிருந்து கிரிண்டன் ஊருக்கு ஏறிப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. ஸ்டேஷன் ஆற்றோரத்தில், ஊர் மலைமேல். வெட்டனும் பட்டர்டனும் இதே கதைதான். சந்தைக்குப் போய் மூட்டையோடு திரும்புகிறவள் அந்த ஏற்றத்தில் ஏறுவாளா? எக்டனின் செப்புச் சுரங்கமும் கோச்சி வருமுன்பே ஓய்ந்துபோயிருந்தது. விடுமுறைக்கு ஸ்டோக் பக்கத்திலிருந்து உல்லாசப் பயணிகள் வந்து குவிவார்கள். மற்ற நாளெல்லாம் பால்தான் பாதையைக் காப்பாற்றியது. 1932இல் எக்டன் பால் ஆலை மூடி, பால் லொறிக்குப் போனது. 1934 மார்ச்சில் கோச்சியும் நின்றது. முப்பது வருடம்கூட ஆகவில்லை.

தண்டவாளத்தைப் பிடுங்கிய தடம் கவுண்டி கவுன்சிலுக்குப் போய், 1937இல் நடைபாதையானது. நல்ல காரியம். கந்தப்பளைப் பக்கம் சின்னக் கோச்சிக்கென்று ஒரு பலகைகூட நான் கண்டதில்லை. இங்கேயோ, அதில் ஏறியே இராதவர்கள்கூட அது போய்விட்டதே என்று உருகுகிறார்கள். நஷ்டத்தில் ஓடியபோது இந்தப் பாசம் எங்கே போனது என்று கேட்கத் தோன்றும், கேட்கமாட்டேன். வழியில் ஸ்வைன்ஸ்லி சுரங்கப்பாதை வரும். பட்டுச் சாயத் தொழிலதிபர் தாமஸ் வார்டிலின் மாளிகையிலிருந்து கோச்சி கண்ணில் படக்கூடாது என்றுதான் அதைக் குடைந்தார்களாம். இந்தியாவின் டஸ்ஸர் பட்டுக்குச் சாயம் ஏற்றும் வித்தை கண்டவர் அவர். தோட்டத்துத் துரைமார் பங்களா பார்த்து வளர்ந்த எனக்கு இது ஆச்சரியமாய் இல்லை. இப்போது அதற்குள் கார்கள் போகின்றன. நடக்கிறவர் ஒதுங்கி நிற்கவேண்டும்.

கோச்சித் தடம் அல்லவா, செங்குத்து ஏற்றமே கிடையாது, சக்கர நாற்காலியும் உருளும். ஒருதரம் பெரியவரை ஹல்ம் எண்டுக்குக் கூட்டிப் போனோம். அங்கே இருந்த படத்தில் பெட்டிகளுக்கு மஞ்சள் நிறம். "தப்பு! சிவப்பு!" என்றார். தொடக்கத்தில் வெளிர் மஞ்சள், 1923இல் எல்.எம்.எஸ். ரயில் கம்பெனி எடுத்த பிறகு சிவப்பு. இரண்டும் சரிதான் என்று சொல்லிப் பார்த்தேன். "நீயா ஏறினாய், நானா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு, தேநீர் வரும்வரை அங்கிருந்த தேநீர்க்கடைப் பெண்ணோடு வாதாடிக்கொண்டிருந்தார்.