சூட்டைப் பூட்டி வைக்கும் பெட்டி

அரிசி வேகும் நேரம் முழுவதும் அடுப்பு எரிய வேண்டியதில்லை. ஒரு முறை நன்றாகக் கொதி வந்துவிட்டால், அந்தச் சூடு வெளியே ஓடாமல் பிடித்து வைத்தால் போதும்; மீதி வேலையைச் சூடே பார்த்துக்கொள்ளும். ரங்கூனில் கரண்டை நம்பி உலை வைக்க முடியாத இந்தக் காலத்தில், எங்கள் வீட்டுச் சமையலறையை நான் மாற்றியமைத்தது இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான்.

எங்கள் வீடு அனோரத்தா சாலையை ஒட்டிய சந்தில் நாலாவது மாடி. அத்தை இன்னமும் அந்தச் சாலையைப் பிரேசர் வீதி என்றுதான் சொல்வார். நான்கு மணி நேரம் கரண்டு வந்தால் எட்டு மணி நேரம் இல்லை என்ற நாட்களும் உண்டு. கோடையில் அதுவும் நிச்சயமில்லை. கரண்டு வந்த உடனே தண்ணீர் மோட்டார், கிரைண்டர், இஸ்திரி, போன் சார்ஜ் என்று எல்லாம் முண்டியடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும். அந்த வரிசையில் ரைஸ் குக்கருக்கு இடம் கிடைப்பதில்லை. கேஸ் விலை உயர்ந்துகொண்டே போகிறது. ஆகவே இந்த ஊரில் பாதிக் குடும்பங்களைப் போல நாங்களும் பால்கனியில் கரி அடுப்புக்குத் திரும்பினோம்.

கரியும் சும்மா வருவதில்லை. ஐராவதி முகத்துவாரத்தில் இருந்த அலையாத்திக் காடுகளில் பெரும்பகுதி ரங்கூன் அடுப்புகளுக்குக் கரியாகவும், நெல் வயல்களுக்கு இடமாகவும் தீர்ந்தது. அந்தக் காடுகள் இருந்த இடங்களில் கடல் பொங்கி வந்தால் தடுக்க ஒன்றும் இல்லை என்பதை 2008 மே மாதம் நர்கீஸ் புயல் காட்டியது. அன்று இந்த நகரத்தில் மரங்கள் சாய்ந்து, வாரக்கணக்கில் விளக்கும் தண்ணீரும் இல்லாமல் கிடந்தோம். இருந்த கொஞ்சம் கரியில் அத்தை கஞ்சியைக் கொதிக்க வைத்து, பானையைக் கம்பளியில் சுற்றி மூலையில் வைத்துவிடுவார். மதியம் திறந்தால் கஞ்சி குழைந்து, கை பொறுக்காத சூட்டில் இருக்கும். அப்போது வேறு வழியில்லாததால் செய்கிறார் என்று நினைத்தேன். இப்போது யோசித்துப் பார்த்தால், அவர் செய்ததைக் கொஞ்சம் திருத்தமாகச் செய்வதுதான் என் பெட்டி.

பெட்டிக்குச் செலவு மிகக் குறைவு. சான்பியா மீன் சந்தையில் இறால் வந்திறங்கும் தெர்மோகோல் பெட்டிகளைச் சில்லறைக் காசுக்குக் கொடுப்பார்கள். சுவர் தடிமனாக, மூடி இடைவெளி இல்லாமல் பொருந்துகிற பெட்டியாகப் பார்த்து எடுக்க வேண்டும். மீன் வாடைக்குச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் ஊற வைத்துக் கழுவி, எலுமிச்சைத் தோலால் தேய்த்து, இரண்டு மூன்று வெயிலில் காய வைத்தால் போய்விடும்.

கொதிக்கும் பானையை அப்படியே தெர்மோகோலில் வைத்தால் பெட்டி வீணாகிவிடும். கொதி தண்ணீரின் சூட்டிலேயே தெர்மோகோல் இளகி உள்வாங்கும். அதனால் பானைக்கும் பெட்டிக்கும் நடுவே உமி மெத்தை வேண்டும். சின்ன வயதில் ஐஸ் வண்டியில் கட்டிகளை உமிக்குள் புதைத்து வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். குளிரை வெளியே விடாத பொருள் சூட்டையும் விடாது. நெல் விளையும் நாட்டில் உமிக்குப் பஞ்சமில்லை. ஆனால் மில்லிலிருந்து வரும் உமியில் தவிட்டுத் தூள் கலந்திருக்கும். அதைச் சலித்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சிக்கு வாடை அடிக்கும், பூச்சியும் வரும். சலித்த உமியை இரும்புச் சட்டியில் லேசாக வறுத்து ஆற வைத்தேன்.

உறைக்குப் பழைய லுங்கி. இங்கே ஆண் பெண் எல்லோரும் கட்டும் லுங்கி ஏற்கெனவே குழாய் போலத் தைத்துத்தான் வருகிறது. ஒரு முனையைத் தைத்து, உமியை நிரப்பி, மறு முனையையும் தைத்தால் மெத்தை தயார். அடியில் போட இரண்டு அங்குல கனத்துக்கு ஒன்று, சுற்றிலும் வளையமாக ஒன்று, மேலே மூட ஒன்று. மேலே போடும் மெத்தைதான் மிக முக்கியம், ஏனென்றால் சூடு மேல்வழியாகத்தான் அதிகம் தப்பும். அதை மற்றவற்றைவிடக் கனமாக வைத்தேன். மூன்றுக்கும் மேலே கழற்றித் துவைக்கக்கூடிய வெள்ளைத் துணி உறை. கரி அடுப்பிலிருந்து இறங்கும் பானையின் அடி கறுப்பாகத்தான் இருக்கும், அதற்கென்று ஒரு பழைய துண்டு தனியாக உண்டு.

பானை விஷயத்தில் ஒரு விதி: முக்கால் பாகமாவது நிறைந்திருக்க வேண்டும். நிறைந்த பானை தன் சூட்டைத் தானே காக்கும். கால் பானை சீக்கிரம் ஆறிவிடும். இரண்டு பேருக்கு மட்டும் சமைக்கிறவர்கள் சின்னப் பானை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு பாத்திரம் கொதி தண்ணீரை வைத்து மூடலாம். அந்தத் தண்ணீர் பிறகு பாத்திரம் கழுவ உதவும். புளி ஊற்றிய குழம்பை அலுமினியப் பானையில் மணிக்கணக்கில் வைக்கக் கூடாது, புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். அதற்கு எவர்சில்வர்.

இப்போது சோறு. எங்கள் வீட்டில் அரிசி அளப்பது பால் டின்னில், அதாவது கெட்டிப்பால் வரும் காலி டின்னில். எட்டு பால் டின் ஒரு பியீ, பதினாறு பியீ ஒரு கூடை என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். குக்கரோடு வரும் பிளாஸ்டிக் குவளையை நான் தொடுவதே இல்லை. பால் டின் கை பழகிய அளவு. மூன்று டின் அரிசியைக் கழுவி அரை மணி ஊற வைத்து வடித்துவிட்டு, நாலரை டின் தண்ணீர். பெட்டிக்குள் ஆவி வெளியே போகாது, ஆகையால் வழக்கத்தைவிடத் தண்ணீர் குறைவு. தளதளவென்று கொதி வந்ததும் ஐந்து நிமிடம் கொதிக்க விட்டு, மூடியைத் திறக்காமல் நேரே பெட்டிக்குள். முக்கால் மணியிலிருந்து ஒரு மணிக்குள் ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக நிற்கும். போசான் மொய் என்ற பர்மிய அரிசியை இப்படிச் சமைத்துப் பார்க்க வேண்டும். 2011-ல் உலகின் சிறந்த அரிசி என்று பரிசு வாங்கிய அரிசி அது. வேகும்போது நீளும், வாசனை தனி. திறந்த பானையில் அந்த வாசனை பாதி பால்கனி வழியாகத் தெருவுக்குப் போய்விடும். பெட்டியைத் திறந்து மேல் மெத்தையைத் தூக்கினால் முகத்தில் வந்து அடிக்கிறது.

துவரம்பருப்பை ஒரு மணி ஊற வைத்து, மஞ்சளும் ஒரு சொட்டு எண்ணெயும் விட்டு, கால் மணி கொதிக்க வைத்துப் பெட்டியில் இரண்டு மணி நேரம். உப்பும் புளியும் தக்காளியும் பருப்பு வெந்த பிறகுதான். புளிப்பு முன்னாலேயே சேர்ந்தால் பருப்பு விறைத்துக்கொண்டு கடைசி வரை மசியாது. கொண்டைக்கடலைக்கு இரவு முழுக்க ஊறல், இருபது நிமிடக் கொதி, மூன்று நாலு மணி நேரப் பெட்டி. ஆட்டுக்கறியும் செய்கிறேன். மசாலாவோடு நன்றாகக் கொதித்து, துண்டின் நடுவரை சூடு ஏறிய பிறகே பெட்டிக்குப் போகும். வெளியே வந்ததும் மறுபடி ஒரு கொதி விட்டுத்தான் இலைக்கு. தாளிப்பு எல்லாவற்றுக்கும் கடைசியில். பொரியல், தோசை, மீன் வறுவல் இவற்றுக்கெல்லாம் பெட்டி உதவாது. அவற்றுக்குக் கங்கு வேண்டும்.

ராஜ்மா பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சிவப்பு ராஜ்மாவில் வயிற்றைக் கலக்கிவிடும் ஒரு நச்சு இருக்கிறது. முழுக் கொதிப்பில் பத்து நிமிடமாவது, பாதுகாப்பாகச் சொன்னால் அரை மணி, தளதளத்துக் கொதித்தால்தான் அது அழியும். மிதமான சூட்டிலேயே வைத்திருந்தால் நச்சு கூடவும் கூடும். ஆகையால் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி கொதிக்க வைக்காமல் ராஜ்மாவைப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. பட்டர் பீன்ஸுக்கும் ஊறிய தண்ணீரைக் கொட்டி, மூடாமல் கொதிக்க விட வேண்டும்.

அதே கவனம் சூட்டின் அளவிலும் வேண்டும். உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி மணிக்கணக்கில் கிடந்தால் கிருமி பெருகும். சோற்றில் கொதியையும் தாங்கி நிற்கும் கிருமி வித்துகள் உண்டு. காலையில் வைத்த சோற்றை இரவு வரை பெட்டியிலேயே விடுவது ஆகாது. சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். நிறைந்த பானை மூன்று மணி நேரம் கழித்தும் எழுபதுக்கு மேலேயே நிற்கிறது. "கையை வைத்துப் பார்த்தால் தெரியாதா, இதற்கு ஒரு கருவியா?" என்று அத்தை கேட்டார். கையால் அறுபதையும் ஐம்பதையும் பிரித்துச் சொல்ல முடியாது, அத்தை. இப்போது அவரே மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணைப் படித்துச் சொல்கிறார்.

கரியில் மிச்சப்படுத்தும் இன்னொரு வழி, கங்கை அணைத்து வைப்பது. பானை பெட்டிக்குப் போனதும் அடுப்பில் நல்ல கங்கு பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். இடுக்கியால் எடுத்து, இறுக்கமான மூடி உள்ள மண்சட்டியில் போட்டு மூடினால் காற்றில்லாமல் அணைந்துவிடும். மறுநாள் அந்தக் கரி, புதுக் கரியைவிடச் சீக்கிரம் பற்றும். பற்ற வைக்க மண்ணெண்ணெய் வேண்டாம்; சந்தையில் கட்டுக் கட்டாக விற்கும் பிசின் நிறைந்த பைன் குச்சிகளில் இரண்டு போதும்.

மழைக்காலத்தில் சாரல் அடிக்கிறது என்று அடுப்பை உள்ளே இழுத்து ஜன்னலைச் சாத்துகிறவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. கரிக் கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலை வலிக்கிறது, தூக்கம் வருகிறது என்று படுத்தவர்கள் எழுந்திருக்காமலே போவார்கள். புகை இல்லையே என்று நம்பக் கூடாது; சிவந்து எரியும் புகையில்லாத கங்கிலும் அது உண்டு. அடுப்பு பால்கனியில்தான். பெட்டி வந்த பிறகு சாரலில் நிற்க வேண்டிய நேரமும் கால் மணியாகச் சுருங்கிவிட்டது. பக்கத்து வீட்டு அமாவிடம் (பர்மியத்தில் அக்கா) பெட்டியைக் காட்டியதற்கு எனக்கு முதல் காரணம் இதுதான். அவர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. இப்போது அவர் வீட்டிலும் ஒரு பெட்டி.

காலைச் சாப்பாட்டுக்கு நான் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. விடிந்ததும் தெருவில் பேபியோ விற்கும் பெண்ணின் குரல் கேட்கும். பால்கனியில் கட்டியிருக்கும் கயிற்றில் பையையும் காசையும் கிளிப்பில் மாட்டி இறக்கினால், வெந்த பட்டாணி சுடச்சுட மேலே ஏறி வரும். வெங்காயமும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்தால் போதும். இட்லி வேண்டும் என்றால்தான் கரண்டைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். உலகத்துக்கே உளுந்து அனுப்பும் நாடு இது, இங்கே கிடைக்கும் உளுந்தில் மாவு நன்றாகப் பொங்குகிறது. ஆனால் நடுராத்திரி ஒரு மணிக்குத்தான் கிரைண்டர் ஓடும் என்றால், மாலையே ஊற வைத்துவிட்டு அலாரம் வைத்துக்கொண்டு படுக்க வேண்டியதுதான். மார்கழிக் குளிரில் மாவு பொங்க மறுத்தால் அதே பெட்டிதான் கை கொடுக்கிறது; மாவுப் பாத்திரத்தின் பக்கத்தில் ஒரு போத்தல் வெந்நீர் வைத்து மூடினால் காலையில் ததும்பி நிற்கும். சித்திரையில் வெந்நீருக்குப் பதில் ஐஸ் வைத்தால் பால் திரியாமல் இருக்கிறது.

விளக்கையும் இடம் மாற்றினேன். சார்ஜ் விளக்கு முன்பு முதுகுக்குப் பின்னால் இருந்தது. காய் நறுக்கும்போது என் நிழலே கத்தி மேல் விழும். அலமாரியின் அடியில் ஆணி அடித்து, பலகைக்கு நேர் மேலே தொங்கவிட்டேன். அரிவாள்மனையில் உட்கார்ந்து நறுக்கும் அத்தைக்குத் தனியாக ஒன்று, தரையிலிருந்து முழ உயரத்தில்.

பெட்டி செய்ய நினைக்கிறவர்களுக்கு அளவு சொல்லிவிடுகிறேன். பானையைச் சுற்றி எல்லாப் பக்கமும் நான்கு விரல் கனத்துக்கு உமி நிற்கிற மாதிரி பெட்டி இருக்கட்டும், மேலே ஆறு விரல். பானையின் பிடிகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டு அளந்து பாருங்கள், பிடி இடித்தால் மூடி பொருந்தாது. ஆனி ஆடி மழையில் ஆவியும் ஈரமும் சேர்ந்து உமி நமுத்துவிடும், நமுத்த உமி சூட்டைக் காக்காது. வெயில் தலைகாட்டும் நாளில் மெத்தைகளைப் பால்கனிக் கம்பியில் போட்டு உலர்த்துங்கள். மழை முடிந்ததும் தையலைப் பிரித்து உமியை மாற்றிவிடுங்கள். பழைய உமி வீணில்லை, துளசிச் செடிக்கு ஆகும்.