மினிட்ஸ் நோட்டு

"இதுக்கு மினிட்ஸ் எழுதுவீங்களா சார்?"

வகுப்பில் வரும் சிக்கல்களைப் பேச, ஆசிரியர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடும் குழுவில் ஒரு டீச்சர் இப்படிக் கேட்டார். "சும்மா ரெண்டு வரிதான் டீச்சர்" என்றேன். அதன் பிறகு அவர் வாயே திறக்கவில்லை.

நான் சொன்னதில் தப்பில்லை என்றுதான் இன்னமும் தோன்றுகிறது. எழுதாவிட்டால், போன மாதம் யார் எதைச் செய்து பார்ப்பதாகச் சொன்னார் என்பது மறந்துபோகும். மூன்றாவது கூட்டத்திலேயே பேச்சு டி.ஏ., எமிஸ் ஆன்லைன் பதிவு, பென்ஷன் என்று டீக்கடைக்குப் போய்விடும்.

குறுவள மையக் கூட்டத்தில், அதாவது பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசு வைக்கும் கூட்டத்தில், பயிற்சி மாட்யூல் மேலிருந்து வரும். ஆசிரியர் பயிற்றுநர் நடத்துவார். "அரும்புல இருக்கிற நாலு பிள்ளைங்க அரும்பாவே நிக்குது, எனக்கு வழி தெரியல" என்று 20 வருஷ சர்வீஸ்காரர் அங்கே சொல்ல மாட்டார். (அரும்பு என்பது எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஆரம்ப நிலை.) அதைச் சொல்லத்தான் இந்தக் குழு.

6 முதல் 8 பேர் போதும். எண்ணிக்கை கூடினால் இருவர் பேசுவார்கள், மற்றவர்கள் போனைப் பார்ப்பார்கள். ஒரே பள்ளியிலிருந்து இருவருக்கு மேல் வேண்டாம், தங்கள் ஹெச்.எம். உட்கார்ந்தால் யாருக்கும் சிக்கலே இருக்காது. மொத்தம் ஒரு மணி நேரம். ஒருவர், ஒரே சிக்கல், கையில் ஒரு பிள்ளையின் நோட்டு: 10 நிமிடம். அடுத்த 15 நிமிடம் கேள்விகள் மட்டும். பெரும்பாலும் கூட்டம் இங்கேதான் உடையும். அனுபவசாலிகளுக்குக் கேள்வி வராது, வைத்தியம்தான் வரும். "நீங்க ஏன் இப்படிப் பண்ணக்கூடாது?" என்பதும் கேள்வி வேஷம் போட்ட வைத்தியம்தான், நிறுத்தச் சொல்ல ஒருவர் வேண்டும். யோசனைகளுக்கு 25 நிமிடம். கடைசிப் 10 நிமிடத்தில், சிக்கலைக் கொண்டுவந்தவர் அடுத்த மாதம் செய்து பார்க்கும் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்வார். நான் எழுத நினைத்தது அந்த ஒரு வரியைத்தான்.

ஆனால் காலம் சரியில்லை. டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு வருமுன் வேலைக்குச் சேர்ந்தவர்களும், ஓய்வுக்கு 5 ஆண்டுக்கு மேல் இருந்தால், 2 ஆண்டுக்குள் அதில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பல வருஷம் பாடம் நடத்தியவரை மறுபடி தகுதியைக் காட்டு என்று கேட்கும் நேரத்தில், 'தெரியவில்லை' என்பதை ஒரு நோட்டில் ஏற்றுவேன் என்றிருக்கிறேன். அந்த நோட்டு எங்கும் போகாது என்பது எனக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்?

அவர் கேட்டது நோட்டைப் பற்றியே இல்லையோ? மற்றவர்கள் சாதாரணமாகத்தானே பேசினார்கள். நானே பெரிதாக்கிக்கொள்கிறேனோ என்னவோ.

இப்போது எழுதுவதில்லை. போன மாத முயற்சி என்ன ஆனது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அந்த டீச்சர் தவறாமல் வருகிறார்; அவர் முறை மட்டும் தள்ளிப்போகிறது. இரண்டு தடவையா, மூன்றா? எழுதி வைக்கவில்லை.