முறுக்கு டின்னுக்குள் எம்.எஸ்சி. புராஜெக்ட்

அம்மாவின் சுகர் ஸ்ட்ரிப் டப்பாவில் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று போட்டிருக்கும். சித்திரை மாதத்து மதுரையில், எங்கள் வீட்டில் எந்த மூலையில் 30 டிகிரி கிடைக்கும்? ஸ்ட்ரிப்பில் இருப்பது நொதி, அதாவது புரதம். சூடும் ஈரமும் அதற்கு ஆகாது. அதனால் நொதியே இல்லாத குளுக்கோஸ் சென்சார் என்று கைடு சொன்னதுமே தலையாட்டிவிட்டேன்.

நொதியின் வேலையை இங்கே நிக்கல் பார்க்கும். கார்பன் எலக்ட்ரோடு (கரைசலில் முக்கும் மின்முனை) மேல் நிக்கலைப் படியவைத்து, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா என்ற காரத்தின் கரைசலில் மின்னழுத்தம் கொடுத்தால் நிக்கல் ஹைட்ராக்சைடு ஆக்சிஹைட்ராக்சைடாக மாறுகிறது. அது குளுக்கோஸிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டு பழையபடி ஹைட்ராக்சைடாகிவிடும். எலக்ட்ரோடு அதை மறுபடி மாற்றும். குளுக்கோஸ் கூடக் கூட கரண்டும் ஏறும். அவ்வளவுதான் கதை.

செய்து பார்த்தால் அவ்வளவு இல்லை. 3 மில்லிமீட்டர் கார்பன் எலக்ட்ரோடை அலுமினாப் பொடியில் எட்டு வடிவில் சுற்றித் தேய்த்தே முதல் மாதம் போனது. சரியாகத் தேய்க்காவிட்டால் மேலே படியும் நிக்கல், தோசைக்கல்லில் ஒட்டாத மாவு மாதிரி உரிந்து வந்துவிடும். அப்புறம் மின் இரைச்சல், அதாவது சிக்னலில் கலக்கும் தேவையில்லாத ஏற்ற இறக்கம். மைக்ரோ ஆம்பியர் அளவு கரண்டைப் பார்க்க உட்கார்ந்தால் கோடு முழுக்க ரம்பப் பல். இரண்டு வாரம் எலக்ட்ரோடைத் திட்டினேன். ஒருநாள் கரண்ட் போய், ஃபேன் நின்று, கருவி மட்டும் யுபிஎஸ்ஸில் ஓடியபோது கோடு சுத்தமாக வந்தது. தலைக்கு மேல் சுற்றிய ஃபேன்தான் காரணம்! வீட்டிலிருந்து பெரிய முறுக்கு டின்னைக் கொண்டுவந்து, எர்த் வயர் கட்டி, கரைசலும் எலக்ட்ரோடும் இருக்கும் செல்லை அதற்குள் வைத்தேன்; வெளி இரைச்சலை டின் தடுத்துவிடும். அதன் பிறகு ஒவ்வொரு துளி குளுக்கோஸுக்கும் கரண்ட் படிக்கட்டாக ஏறியது. அன்று சாயங்காலம் கீழவாசலில் எனக்கு நானே ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

வைட்டமின் சி, யூரிக் அமிலம் இரண்டும் குறுக்கே வந்தன. காரக் கரைசலில் இரண்டும் எதிர்மின் அயனிகள். எலக்ட்ரோடு மேல் எதிர்மின் அயனிகளைத் தள்ளிவிடும் நாஃபியான் என்ற பாலிமரைப் பூசியதும் பெரும்பாலும் ஒதுங்கின. ஃபிரக்டோஸ் மட்டும் ஒதுங்கவில்லை. நிக்கலுக்கு எந்தச் சர்க்கரையும் சர்க்கரைதான்.

சீரத்தில் (இரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) சோதிக்கக் கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். ஏழு வாரம் ஃபைல் நகரவில்லை. வந்த பிறகு வேலை ஒரே நாளில் முடிந்தது. 10 மில்லி காரக் கரைசலில் 100 மைக்ரோ லிட்டர் சீரம். சாதாரண இரத்தத்தில் லிட்டருக்கு 5 மில்லிமோல் போல இருக்கும் குளுக்கோஸ் இதில் நூறில் ஒரு பங்காகிவிடும். அதையும் நிக்கல் பிடித்தது. ஆய்வகம் கொடுத்த எண்ணுக்குப் பக்கத்தில்தான் வந்தது.

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வெளித் தேர்வாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏம்மா, இரத்தத்தோட பிஎச் 7.4. வியர்வை அதைவிடவும் புளிப்பு. உங்க அம்மா வீட்டில காஸ்டிக் சோடா பாட்டில் வச்சுக்கிட்டு சுகர் பார்ப்பாங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கேள்வி நியாயமானது. உடல் திரவத்தில் காரம் இல்லாமல் நிக்கல் பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கும். தங்கம், பிளாட்டினம் என்று போனால் அங்கே உடல் திரவத்து உப்பில் இருக்கும் குளோரைடு ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கும்.

அளப்பதற்குச் சில நொடிகள் முன்னால் பலமான எதிர்மின்னழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரோடு பக்கத்தில் மட்டும் தண்ணீர் பிரிந்து காரம் உண்டாகும், பாட்டில் வேண்டாம் என்று சொன்னேன். "செஞ்சு பார்த்தியா?" என்றார். இல்லை. ஏழு வாரம் ஃபைலில் போய்விட்டதே.

இப்போது ஜூனியர் ஒருவன் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான். டின்னை அவனிடம் கொடுத்துவிட்டேன். தீபாவளிக்கு முறுக்கு சுட்டு எதில் போடுவது என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள்.